மகேந்திரராசா வீட்டுத் தண்ணீர்

அன்று காலை ஆறரை மணிக்கே லிட்கம் வீட்டின் குசினி கொதித்துக்கொண்டிருந்தது. மேற்குச் சிட்னியில் வெப்பம் நாற்பத்திரண்டு பாகை போகும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அரியரத்தினம் எடைத் தட்டில் ஏறி நின்று, எழுபத்தொரு கிலோ நானூறு கிராம் என்று குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் எழுதினார். பிறகு ஒரு கண்ணாடிச் சாடியில் ஒன்றேகால் லீற்றர் தண்ணீரைக் குனிந்து, கண்மட்டத்துக்கு வைத்து அளந்தார்.

அந்தச் சாடிதான் அவருடைய நாள். தேத்தண்ணியோ, ரசமோ, குளிசை விழுங்க ஒரு மிடறோ, எதைக் குடித்தாலும் அதே அளவைச் சாடியிலிருந்து எடுத்துக் கொட்டிவிட வேண்டும். சாடி காய்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஏழு மாதமாக இந்தச் சிறைவாசம். இதயம் பலவீனமாகிவிட்டது என்று சொன்ன டொக்டர், முப்பது வயதுகூட இராத பெண், தாளில் ஒரு பம்ப் படம் போட்டு அவருக்குத் தண்ணீரைப் பற்றி விளக்கம் கொடுத்தாள். அதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் பெரிய அவமானமாகப் பட்டது. இருபத்தெட்டு வருடம் குடிதண்ணீர் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை செய்தவர் அவர். இந்த நகரத்துக் குழாய்களில் ஓடியதை வாயில் வைக்காமலே இன்னதென்று சொல்லக்கூடியவர். உலகத்தில் தன் குணத்தை ஒளிக்கத் தெரியாத பொருள் தண்ணீர் ஒன்றுதான் என்று விருந்துகளில் சொல்லுவார். சூட்டை மெதுவாக வாங்கும், மெதுவாகக் கொடுக்கும். அதனால்தான் இந்த வெயிலிலும் மனுசர் அவிந்துபோகாமல் நடமாடுகிறார்கள். உப்பைக் கண்டால் போதும், அதன் பின்னாலேயே போகும்.

அந்த உப்புதான் இப்போது அவரைப் பழி வாங்கியது. இதயம் சரியாகத் தள்ளாததால், ஏதோ பெரிய வறட்சி வந்துவிட்டது என்று சிறுநீரகம் நம்பிவிட்டது. உப்பைக் கட்டிப் பிடித்தது. உப்பு தண்ணீரைக் கட்டிப் பிடித்தது. கணுக்கால் வீங்கியது, நெஞ்சுக்குள் நீர் ஊறியது, நாக்கு மட்டும் காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. உடம்பு நீரில் மூழ்கிக்கொண்டே தாகம் தாகம் என்று கத்தியது. காரணம் முழுவதும் விளங்கியும் ஒரு மிடறு கூடக் குடிக்க முடியவில்லை. விளங்காதவனாக இருந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திராது.

"அப்பா, இண்டைக்கு அங்க போகேக்க சொல்லிப்போடுவம்," என்றாள் மகள் தாரகா. அவளுக்கு இருபத்தொன்பது வயது. மருந்துக்கடையில் மருந்தாளர். மூன்று வருடமாக அவளுக்குப் பழக்கமான லக்சனைக் கட்டுவதாக முடிவாகி, அவனுடைய தாய் தகப்பனைப் பார்த்து முறைப்படி கதைப்பதற்காக அன்று பின்னேரம் துங்காபியில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

"எதைச் சொல்லுறது?"

"உங்கட ஹார்ட் பற்றி. அவை தண்ணி தருவினம், தேத்தண்ணி தருவினம். நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"நான் சமாளிப்பன்."

"எப்பிடி?"

"தாரகா, பொம்பிளை வீட்டுக்காரன் முதல் நாளே போய் இருந்து தன்ர நோய் வருத்தத்தை வாசிக்கிறதில்லை."

மனைவி அருந்ததி தோசையைப் புரட்டியபடி சொன்னாள்: "இவர் பயப்பிடுறது தன்ர வருத்தத்துக்கு இல்லைப் பிள்ளை. வரதனுக்குத்தான்."

அரியரத்தினம் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் அடுத்த தோசையை ஊற்றினாள். தம்பி வரதராஜன் மூன்று வருடத்துக்கு முன் ரொறன்ரோவில் ஐம்பத்திரண்டு வயதில் செத்தது இதே இதய வருத்தத்தால். நியூமோனியா என்று எல்லோருக்கும் சொன்னவர் அரியரத்தினம். அண்ணனுக்கும் இதுதான் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? அந்தக் குடும்பத்து இரத்தத்திலேயே இருக்குது என்று சொல்லும். பிறகு தாரகாவை யாரும் தாரகாவாகப் பார்க்க மாட்டார்கள்.

துங்காபியில் காரை விட்டு இறங்கும்போது மூன்று மணி. வீட்டில் சாடியில் மிச்சம் முந்நூறு மில்லிலீற்றர் இருந்தது; அதை அவர் இரவுக் குளிசைகளுக்கென்று ஒதுக்கியிருந்தார். நிலத்திலிருந்து அடித்த அனலில் நெற்றி வியர்வை காதோரம் இறங்கியது.

மகேந்திரராசா வாசலிலேயே நின்றார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ. லக்சன் மன்னிப்புக் கேக்கச் சொன்னவன். இந்த வெக்கைக்குத் தண்டவாளம் நெளியுதாம், வேலைக்குக் கூப்பிட்டிட்டாங்கள். அவன் இல்லாட்டி என்ன, அவனுக்குக் கட்டி வைக்கிறது நாங்கள்தானே. இருங்கோ."

அவருடைய மனைவி யோகா தட்டில் வெள்ளித் தம்ளர்களோடு வந்தாள். குளிர்ந்த தண்ணீர். தம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. அரியரத்தினத்தின் கண் அந்த முத்துகளை விட்டு அகல மறுத்தது.

"அண்ணை, முதல்ல தண்ணியைக் குடியுங்கோ. வெய்யிலுக்க வந்தனீங்கள்."

"வேண்டாம் தங்கச்சி. இப்பதான் குடிச்சிட்டு வெளிக்கிட்டனாங்கள்."

அருந்ததியும் தாரகாவும் வாங்கிக் குடித்தார்கள். அவருக்கு வைத்த தம்ளர் மேசையில் நின்றது. கதை நன்றாகத்தான் போனது. மண்டபம், ஐயர், ஆவணியா தையா என்றெல்லாம் கதைத்தார்கள். கால் மணித்தியாலம் கழித்து யோகா எலுமிச்சை பிழிந்து தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொண்டுவந்தாள்.

"இதாவது குடியுங்கோ."

"எனக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை. குறை நினையாதேங்கோ."

மகேந்திரராசா அப்போதுதான் அந்த முதல் தம்ளரைப் பார்த்தார். அடுத்து உளுந்து வடையும் றோல்ஸும் தேத்தண்ணியும் வந்தன. வடையில் உப்பு. உப்பு போனால் அதன் பின்னாலே எது போகும் என்று அவருக்குத் தெரியும்.

"இண்டைக்குச் சனிக்கிழமை," என்றார் அரியரத்தினம். "நான் விரதம்."

வாயை விட்டு வந்த பிறகுதான் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாத சாட்டுகள் என்று அவருக்கே உறைத்தது. தாரகா தலையைக் குனிந்துகொண்டாள். மகேந்திரராசா வடைத் தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தார்.

"குடிச்சிட்டு வந்தனான். வயிறு சரியில்லை. விரதம்," என்று விரல் விட்டு எண்ணினார். "மூண்டும் எனக்குப் புதிசில்லை அண்ணை. நான் சின்னப் பெடியனா இருக்கேக்கையே கேட்டிட்டன்."

"இஞ்சாருங்கோ," என்றாள் யோகா.

"பொறும். உங்கட ஐயாவை எனக்குத் தெரியும் அண்ணை. பக்கத்து ஊர்தானே. எங்கட வளவுக் காணிக்கு எல்லை பாக்க வந்தவர். நாலு மணித்தியாலம் உச்சி வெய்யில். எங்கட அம்மா கிணத்தில அள்ளி, செம்பை மினுக்கிக் கொண்டுபோய் நீட்டினவ. இப்பதான் குடிச்சிட்டு வந்தனான் எண்டவர். அம்மா செம்போட அப்பிடியே நிண்டவ. திரும்பிப் போற வழியில உங்கட ஆக்களின்ர கிணத்தடியில வாளியோட தூக்கிக் குடிச்சவர். நான் பின்னால ஓடிப்போய்ப் பாத்தனான்."

மகேந்திரராசா கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தார்.

"ஊரில அது நடந்தது. சரி. இது சிட்னி. உங்கட பிள்ளை எங்கட வீட்டில சீவிக்க வரப்போகுது. நீங்கள் எங்கட வீட்டுத் தண்ணியைத் தொடமாட்டியள் எண்டா, இந்தக் கலியாணத்தைக் கதைக்கிறதில அர்த்தமில்லை."

அரியரத்தினத்துக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஊரில் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதும் குடிக்காமல் எழும்புவதும் தாகத்தைப் பொறுத்த காரியமல்ல. யார் யாரைத் தனக்குச் சமமாக எண்ணுகிறான் என்பதை அங்கே ஒரு செம்பு தண்ணீர்தான் சொல்லும். தன் தகப்பன் அப்படி இருந்தவர் என்பது அவருக்குத் தெரியும். தான் அப்படி இல்லை என்பதைத்தான் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் தன் கௌரவம் என்று அவர் தூக்கிப் பிடித்திருந்தார். எவன் வீட்டிலும் இருந்து சாப்பிடுவார். கோயில் பந்தியில் எவன் பக்கத்திலும் இருப்பார். இன்றைக்கு அந்த மனுசன் கண்ணுக்கு அவர் அச்சு அசலாகத் தன் தகப்பன்.

"அங்கிள், அப்பாக்கு..." என்று தாரகா தொடங்கினாள்.

"தாரகா."

அவர் குரலில் அவள் நின்றுவிட்டாள். என்ன சொல்வது? டொக்டர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றார் என்றா? நாற்பத்திரண்டு பாகை வெயிலில், தண்ணீர் குடியாதே என்று எந்த டொக்டர் சொல்லுவான்? நாலாவது சாட்டு என்று மகேந்திரராசா நாலாவது விரலை மடக்குவார். நம்பினாலோ, அது இன்னும் மோசம். என்ன வருத்தம், யாருக்கெல்லாம் இருக்குது, தம்பி எதனால் செத்தவர் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அவர் எட்டி அந்த முதல் தம்ளரை எடுத்தார். அண்ணாந்து வாய்க்குள் ஊற்றவில்லை; அதையும் வேறு விதமாகப் பார்க்கலாம். விளிம்பில் வாய் வைத்து, எல்லோரும் பார்க்கக் கடைசித் துளி வரை குடித்தார்.

ஏழு மாதத்தில் முதல் தடவையாகத் தண்ணீர் அளவில்லாமல் தொண்டையில் இறங்கியது. அந்த நிலைமையிலும், நினைக்கவே வெட்கமாக இருந்தாலும், அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. காய்ந்த வாய்க்காலில் முதல் நீர் ஓடுவது போல் அது போன இடமெல்லாம் தெரிந்தது.

"இன்னொண்டு தாங்கோ தங்கச்சி," என்றார்.

மகேந்திரராசாவின் முகம் ஒரு நொடியில் மாறிவிட்டது. கோபக்காரர்தான், ஆனால் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத கோபக்காரர். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, என்ர வாய் சனியன்," என்று எழுந்து வந்து கையைப் பிடித்தார். பிறகு உபசாரத்துக்கு அளவே இல்லை. தேசிக்காய்த் தண்ணி. தேத்தண்ணி. விரதம் என்று சொன்னதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை; வடை இரண்டு, றோல்ஸ் ஒன்று. பாயாசம். வேண்டாம் என்ற சொல்லை அவர் அந்த வீட்டில் செலவழித்து முடித்திருந்தார். இனி அது செல்லாது.

பின்வளவில் நின்ற முருங்கையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார் மகேந்திரராசா. கூரைக்கு மேலே வளர்ந்திருந்தது. "இந்த வெய்யிலிலயும் ஒரு இலை வாடேல்லை பாருங்கோ," என்று பெருமைப்பட்டார். அரியரத்தினம் அண்ணாந்து பார்த்தார். வேரிலிருந்து உச்சிக் கொழுந்து வரை தண்ணீர்த் துளிகள் ஒன்றையொன்று கைபிடித்து இழுத்துக்கொண்டு ஏறுகின்றன. மேலே இலையில் ஒரு துளி காற்றோடு போக, கீழே ஒரு துளி எழும்புகிறது. அந்த மரத்துக்கு ஒரு பம்பும் தேவையில்லை. இதயமும் தேவையில்லை. மரத்தின் மேல் அவருக்குப் பொறாமை வந்தது.

திரும்பும்போது காரில் தாரகா சொன்னாள்: "ரெண்டு லீற்றருக்கு மேல. நான் எண்ணினனான். அந்த உப்பு வேற."

"கலியாணம் சரி வந்திட்டுது. ஒருத்தரும் ஒரு சொல்லுக் கதைக்கக்கூடாது."

"கலியாணத்துக்கு நீங்கள் இருக்கவேணும் அப்பா."

அவர் கார்க் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எடைத் தட்டு ஒன்றரைக் கிலோ கூடக் காட்டியது. இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் ஆஸ்பத்திரியைக் கூப்பிடச் சொல்லித் தாளின் அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. அரியரத்தினம் பழைய எடையையே எழுதினார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட ஒரு அளவையும் மாற்றி எழுதாத கை அது. திங்கட்கிழமை விடியும்போது படுக்கவும் முடியவில்லை, நிமிர்ந்து இருந்தால்தான் மூச்சு வந்தது. கணுக்காலை அமுக்கினால் விரல் பட்ட இடம் குழியாக நின்றது. அருந்ததி அவரிடம் கேட்கவில்லை. நேராக அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மகேந்திரராசா ஆஸ்பத்திரிக்கு வந்தார், தனியாக, கையில் ஒரு பெரிய பிளாஸ்கோடு. அருந்ததி வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டில் பக்கத்துக் கதிரையில் தாரகா இருந்தாள். நாளத்தில் ஏற்றிய மருந்து வேலை செய்து, மூச்சு இரைப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வெக்கை குடுத்த வேலைதான் அண்ணை. உடம்புக்குத் தண்ணி போதாமல் போயிருக்கும்," என்று மகேந்திரராசா இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பிளாஸ்கைத் திறந்தார். "யோகா கோழிச் சூப் வைச்சுத் தந்தவள். சூட்டோட குடியுங்கோ, வியர்வையோட போன உப்பும் வரும்."

மருந்து மாற்ற வந்த தாதி கையை நீட்டித் தடுத்தாள். ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சொல்லி, தலைமாட்டுப் பலகையைக் காட்டினாள். நாளொன்றுக்கு ஒரு லீற்றர், எல்லாப் பானமும் அடக்கம் என்று எழுதியிருந்தது. அதன் கீழே மருந்தின் பெயர், அதன் கீழே வருத்தத்தின் பெயர்.

மகேந்திரராசா அதை இரண்டு தரம் வாசித்தார். பிளாஸ்கை மூடினார்.

"எவ்வளவு காலமா?"

"ஏழு மாதம்."

"அப்ப சனிக்கிழமை?"

அரியரத்தினம் போர்வையை நெஞ்சு வரை இழுத்தார்.

"என்ர வீட்டில வைச்சு நான் உங்களுக்கு நஞ்சு தந்திருக்கிறன்," என்றார் மகேந்திரராசா. குரல் மெதுவாகத்தான் வந்தது. "நீங்களும் வாங்கிக் குடிச்சிருக்கிறியள். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே அண்ணை."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியளோ?"

மகேந்திரராசா தலையை ஆட்டினார். "இல்லை," என்றார். "நம்பியிருக்க மாட்டன். ஆனா முதல் தம்ளரிலயே சொல்லியிருந்தா நம்பியிருப்பன். அப்ப நீங்கள் ஏன் சொல்லேல்லை? அப்பனுக்கு வருத்தம் எண்டு பிள்ளையை வேண்டாம் எண்டுற ஆக்கள் எண்டோ எங்களை நினைச்சனீங்கள்?"

தண்ணீர் வேண்டாம் என்றதும் அவமதிப்பு. குடித்ததும் அவமதிப்பாகிவிட்டது. இந்த மனுசனிடம் எந்தப் பக்கத்தால் போனாலும் முட்டுகிறதே என்று அரியரத்தினத்துக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில்தான், வெளியில் ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னார்.

"எனக்கு மட்டும் இல்லை. என்ர தம்பி வரதன் செத்ததும் இதாலதான். ஐம்பத்திரண்டு வயசு. நியூமோனியா எண்டு நான்தான் சொல்லித் திரிஞ்சனான். குடும்பத்தில ஓடுற வருத்தமா இருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவ. இப்ப உங்களுக்குத் தெரியும். இந்தச் சம்பந்தம் வேண்டாம் எண்டா எழும்பிப் போங்கோ. நான் ஒருத்தருக்கும் குறை சொல்லமாட்டன்."

மகேந்திரராசா எழும்பவில்லை. கையிலிருந்த பிளாஸ்கை உருட்டினார்.

"நான் பொய் சொல்லப் போறதில்லை அண்ணை," என்றார். "யோகா கேப்பாள். பேரப்பிள்ளையள் எண்டு நாளைக்கு வரேக்க எனக்கும் பயம்தான். பிள்ளை ஒருக்கா டெஸ்ட் செய்து பாத்தா நல்லதுதானே. அவவுக்கும் நல்லது."

அரியரத்தினம் தலையணையை விட்டு நிமிர்ந்தார். மூச்சு இரைத்தது. "அப்ப லக்சனும் செய்யட்டும்."

"அவனுக்கு என்ன?"

"என்ன எண்டு பாக்கத்தானே டெஸ்ட். என்ர பிள்ளையை மட்டும் படுக்க வைச்சுப் பாக்க ஏலாது. ரெண்டு வீடும் சமம் எண்டு சனிக்கிழமை ஆர் சொன்னது?"

மகேந்திரராசா பிளாஸ்கை மடியில் வைத்தார். "சரி," என்றார் பிறகு. "நியாயம். அவனும் செய்யட்டும்."

"முடிஞ்சுதோ?" என்றாள் தாரகா.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அங்கே இருப்பதையே மறந்திருந்தார்கள்.

"சித்தப்பாக்கு என்ன வருத்தம் எண்டு அம்மா அப்பவே எனக்குச் சொன்னவ. அவர் செத்து மூண்டாம் மாதமே நான் ஹார்ட்டுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்திட்டன். பிளட் டெஸ்டும் செய்தனான். எனக்கு ஒண்டும் இல்லை. போன வருசம் திரும்பவும் பாத்தது, அப்பவும் ஒண்டும் இல்லை. லக்சன்தான் கூட்டிக்கொண்டு போனவர். அவருக்கு எல்லாம் தெரியும்."

"லக்சனுக்குத் தெரியுமோ?" என்றார் மகேந்திரராசா.

"அப்பான்ர வாயால வரட்டும், அதுக்கு முதல் வீட்டில சொல்லாதேங்கோ எண்டு நான்தான் கேட்டனான் அங்கிள். சனிக்கிழமை வேலைக்குப் போகேக்கயும், இண்டைக்காவது சொல்லுவாரோ எண்டு மெசேஜ் போட்டவர்."

அரியரத்தினத்துக்கு ஆறுதல்தான் முதலில் வந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. மூன்று வருடம் நெஞ்சில் கிடந்த கல். ஆனால் அந்தக் கல் விழுந்த இடத்தில் எரிச்சல்தான் கிளம்பியது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடி அப்பா சொல்லுறது? சித்தப்பாக்கு நியூமோனியா எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். நியூமோனியாவுக்கு ஆர் போய் எக்கோ எடுக்கிறது?"

மகேந்திரராசா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பெரிய உடம்பு குலுங்கிக் கதிரை கிறீச்சிட்டது. பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். அரியரத்தினம் சிரிக்கவில்லை. தான் காவல் காத்த கதவுக்குப் பின்னால் வீட்டார் எல்லோரும் எப்போதோ வெளியே போய்விட்டிருந்தார்கள் என்பது மெதுவாக உறைத்துக்கொண்டிருந்தது. வாய் காய்ந்து கிடந்தது.

"இண்டைக்கு எனக்கு எவ்வளவு மிச்சம்?" என்று மகளைக் கேட்டார்.

அவள் தண்ணீர்க் கணக்குத் தாளைப் பார்த்தாள். "நூற்றி அறுபது."

"அதுக்குள்ள அந்தச் சூப்பில ஒரு வாய் வருமோ?"

"உப்பு அப்பா."

"உப்பு," என்று அவர் கண்களை மூடிக்கொண்டார்.

மகேந்திரராசா பிளாஸ்கைப் பையில் வைத்து எழும்பினார். "நான் போயிட்டு வாறன் அண்ணை. ஆவணிக்கு மண்டபம் பாக்கட்டோ, தைக்குப் பாக்கட்டோ?"

"தாரகாவைக் கேளுங்கோ," என்றார் அரியரத்தினம், கண்ணைத் திறக்காமலே. "எங்கட வீட்டில எனக்குத்தான் ஒண்டும் தெரியாதே."